அம்பாசடரின் நான்கு கண்கள்: எச்சரிக்கை விளக்குப் பட்டையைப் புதிதாகச் செய்ய எந்த வழி?

திண்டிவனம் தாண்டிக் கொஞ்ச தூரம் வந்ததும் ஹெட்லைட் ஒரு பொட்டு மங்கியது. எதிரே வரும் பஸ்ஸின் வெளிச்சத்தால் அப்படித் தெரிகிறது என்றார் அப்பா. நானும் நம்பினேன். நான்கைந்து கிலோமீட்டர் கழித்து பானெட்டின் ஓரத்திலிருந்து ஆவி கிளம்பியது. ஓரங்கட்டித் திறந்து பார்த்தால் ஃபேன் பெல்ட் அறுந்து எங்கேயோ விழுந்திருந்தது. அம்பாசடரில் பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரையும், எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் பம்பையும் சுற்றுவது அந்த ஒரே பெல்ட்தான். அது அறுந்த நொடியிலேயே டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்திருக்க வேண்டும். எரியவில்லை. அந்த விளக்கின் ஹோல்டர் உடைந்து பல மாதம் ஆகியிருந்தது. அடுத்த சர்வீஸில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டவன் நான்தான். எஞ்சின் சூடேறி, அதன் தலைக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கெட் போயிற்று.

அந்த விளக்கு இருந்த, டேஷ்போர்டின் எச்சரிக்கை விளக்குப் பட்டையைப் புதிதாகச் செய்து மாட்ட ஏறத்தாழ ஒரு வருஷம் ஆனது. வேலை பெரிதில்லை. எந்த வழியில் போவது என்று முடிவெடுக்கத்தான் அவ்வளவு நாள். பழைய வண்டி வைத்திருக்கும் யாருக்கும் இந்தக் கேள்வி ஒருநாள் வந்தே தீரும். அதனால் நான் முயன்றது, பார்த்தது, விட்டது எல்லாவற்றையும் எழுதி வைக்கிறேன்.

எங்களுடையது 1978-ல் வாங்கிய மார்க் 3. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையின் அச்சில் மேற்கு வங்காளத்து உத்தர்பாராவில் பிறந்த அம்பாசடர் 2014 வரை உற்பத்தியில் இருந்தது. இடையில் டேஷ்போர்டு எத்தனையோ முறை மாறிவிட்டது. எங்கள் வண்டியிலேயே அப்பா ஒரு முறை மாற்றியிருக்கிறார். அதனால் "அம்பாசடர் பட்டை வேண்டும்" என்று கடையில் கேட்டால் வேலைக்கு ஆகாது. கழற்றிய பட்டையைக் கையில் கொண்டு போக வேண்டும்.

கழற்றிச் சாப்பாட்டு மேஜையில் செய்தித்தாள் விரித்து வைத்தேன். ஒரு சாண் நீளம்கூட இல்லாத பிளாஸ்டிக் பட்டை. நான்கு கண்: சிவப்பு சார்ஜுக்கு, ஆரஞ்சு ஆயிலுக்கு, நீலம் ஹைபீமுக்கு, பச்சை இண்டிகேட்டருக்கு. பச்சை வெளுத்து வைக்கோல் நிறத்துக்கு வந்திருந்தது. ஆரஞ்சுக் கண்ணாடியில் பல்பின் சூட்டால் நகக்கண் அளவுக்கு ஒரு கொப்புளம். பின்புறம் ஹோல்டரைப் பிடிக்கும் காதுகளில் ஒன்றைத் தொட்டதும் அப்பளம் போல நொறுங்கிக் கையோடு வந்தது. நாற்பது ஆண்டு வெயிலும் உள்ளிருந்து பல்புச் சூடும் சேர்ந்தால் பிளாஸ்டிக் அப்படித்தான் ஆகும்.

நான்கு விளக்கும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை

பட்டையை எதில் செய்வது என்று யோசிக்கும் முன் ஒவ்வொரு விளக்கும் மின்சுற்றில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். இதைச் செய்யாமல் நான் இறங்கியதால்தான் ஒரு வருஷம் ஆனது.

ஆயில் விளக்கு எளிது. சாவி போட்டதும் அதன் ஒரு முனைக்கு மின்சாரம் வரும். மறுமுனை எஞ்சின் பிளாக்கில் உள்ள ஆயில் பிரஷர் சுவிட்சுக்குப் போகும். அழுத்தம் இல்லாதபோது சுவிட்ச் எர்த் ஆகி, அதாவது மின்சாரம் வண்டியின் பாடி வழியாகத் திரும்ப வழி கிடைத்து, விளக்கு எரியும். எஞ்சின் ஓடி அழுத்தம் ஏறியதும் அணையும். ஹைபீம் விளக்கு அதைவிட எளிது, ஹைபீம் ஒயரிலிருந்து ஒரு கிளை, அவ்வளவே.

சார்ஜ் விளக்குதான் கவனிக்க வேண்டியது. அதன் ஒரு முனை இக்னிஷனில், மறுமுனை ஆல்டர்னேட்டரில். சாவி போட்டதும் பேட்டரியிலிருந்து அந்த பல்பு வழியாக ஆல்டர்னேட்டரின் ஃபீல்டு சுருளுக்கு மின்சாரம் போகிறது. அந்தச் சிறு மின்சாரம்தான் காந்தத்தை எழுப்பி ஆல்டர்னேட்டரை வேலைக்குக் கிளப்புகிறது. அது உற்பத்தியைத் தொடங்கியதும் பல்பின் இரண்டு பக்கமும் ஒரே வோல்ட்டேஜ் ஆகிவிடும், விளக்கு அணைந்துவிடும். புதுப்பேட்டையில் ஒயரிங் வேலை பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் பட்டையைக் காட்டியபோது அவர் முதலில் கேட்டது இது: "தம்பி, காலைல ஸ்டார்ட் பண்ணதும் ஒரு தடவ நல்லா ரேஸ் குடுத்தாதான் சார்ஜ் ஏறுதா?" ஆமாம் அண்ணே என்றேன். "அதான். இது வெறும் லைட்டு இல்ல. சார்ஜே இது வழியாதான் கெளம்புது." அந்த விளக்கு எரியாமல் கிடந்த அத்தனை மாதமும் ஆல்டர்னேட்டர் தன்னிடம் மிச்சமிருந்த காந்தத்தை வைத்துக்கொண்டு, வேகம் ஏறிய பிறகே விழித்திருக்கிறது. அவர் கேட்கும்வரை எனக்கு அது உறைக்கவே இல்லை.

ஆல்டர்னேட்டருக்குப் பதில் பழைய வகை டைனமோ உள்ள வண்டிகளில் இந்தச் சிக்கல் கிடையாது. டைனமோ தன் இரும்பில் தங்கிய காந்தத்தைக் கொண்டே எழும். விளக்கு அங்கே சேதி சொல்ல மட்டும்தான். உங்கள் வண்டியில் இருப்பது எது என்று முதலில் பாருங்கள்.

நான்காவது, இண்டிகேட்டர் விளக்கு. இரண்டு பக்கத்துக்கும் ஒரே பச்சை விளக்கு இருந்தால் அதைப் பல வண்டிகளில் இடது ஒயருக்கும் வலது ஒயருக்கும் நடுவே மாட்டியிருப்பார்கள். இடது எரியும்போது மின்சாரம் பச்சை பல்பு வழியாக வலது பக்கத்து பல்புகளுக்குள் புகுந்து எர்த்துக்குப் போகும். வலது எரியும்போது எதிர்த்திசையில் வரும். சாதாரண பல்புக்குத் திசை ஒரு பொருட்டில்லை. எல்இடிக்கு அதுதான் எல்லாம். எங்கள் வண்டியிலும் இணைப்பு அப்படித்தான் இருந்தது. முதலில் ஒரு எல்இடி போட்டுப் பார்த்தேன். இடதுக்குக் கண் சிமிட்டியது, வலதுக்கு மௌனம்.

இனி வழிகள்

பழைய பட்டையே தேடி வாங்குவது முதல் வழி. புதுப்பேட்டையில் பிரித்துப் போட்ட வண்டிகளின் சாமான்களிலும், ஜி.பி. ரோட்டுக் கடைகளின் பழைய ஸ்டாக்கிலும் சில சமயம் கிடைக்கும். அசல் பொருள் கிடைத்தால் அந்தத் தோற்றத்துக்கு ஈடு கிடையாது. அதை மறுக்க மாட்டேன். ஆனால் பிரித்த வண்டியின் பட்டைக்கும் உங்கள் பட்டைக்கும் வயசு ஒன்றுதான். எனக்குக் கிடைத்த இரண்டில் ஒன்று பார்க்கப் பளபளவென்று இருந்தது. வீட்டுக்கு வந்து ஹோல்டரை அழுத்தியதும் அதுவும் நொறுங்கியது. வாங்குவதானால் கடையிலேயே பின்பக்கத்தைத் திருப்பி, காதுகளை விரலால் லேசாக வளைத்துப் பாருங்கள். கண்ணாடியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து நிறம் பாருங்கள். பெட்டி பிரிக்காத பழைய ஸ்டாக் கிடைத்தால் யோசிக்காமல் வாங்கிவிடலாம்.

இருப்பதையே சரிசெய்வது இரண்டாவது. உடைசல் குறைவாக இருந்தால் எல்லோரும் முதலில் செய்ய வேண்டியது இதுதான் என்பேன். ஒடிந்த காதுக்குப் பதில் மெல்லிய அலுமினியத் தகட்டை வளைத்து எபாக்ஸி பசை வைத்து ஒட்டலாம். வெளுத்த கண்ணாடிக்குப் பின்னால் மேடை விளக்குகளுக்குப் போடும் கலர் ஃபில்டர் தாளைக் கத்தரித்து வைக்கலாம். அது சூடு தாங்கவே செய்யப்பட்டது. சாக்லேட் சுற்றும் கலர்த் தாளை வைத்தால் ஒரு கோடை தாண்டாது. ஹோல்டரின் பித்தளையை நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து, புது பல்பு போட்டால் வேலை முடிந்தது. இருநூறு முந்நூறு ரூபாயில் முடியும். எங்கள் பட்டை அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டது. ஒரு காதை ஒட்டும்போது அடுத்தது உதிர்ந்தது.

அலுமினியத் தகட்டில் நான்கு ஓட்டை போட்டு, எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் 12 வோல்ட் பைலட் லேம்புகளைத் திருகி மாட்டுவது மூன்றாவது. ஒரு மத்தியானத்தில் முடிகிற வேலை, உறுதியும் அதிகம். டேஷ்போர்டைப் பார்க்கும்போது மட்டும் மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டியைப் பார்ப்பது போல இருக்கும். தினமும் ஓட்டும் வண்டிக்குத் தற்காலிகமாக இதைச் செய்யலாம். நானும் நான்கு மாதம் அப்படித்தான் ஓட்டினேன். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். பாடியே எர்த் ஆகும் ஒற்றை ஒயர் ஹோல்டரைச் சார்ஜ் விளக்குக்கும் ஆயில் விளக்குக்கும் போடக் கூடாது. போட்டால் சாவி போட்டதிலிருந்து அணையவே அணையாது. அந்த இரண்டுக்கும் தகட்டில் படாத இரட்டை ஒயர் ஹோல்டர் வேண்டும். இண்டிகேட்டருக்கும் அப்படியே. பாடி எர்த் தேவைப்படுவது ஹைபீம் ஒன்றுக்குத்தான்.

ஊற்றினால் கெட்டியாகும் ரெசினில் வார்ப்பது அழகான வழி, எனக்கு ஒத்துவரவில்லை. அசல் கண்ணாடியைச் சிலிக்கோனில் அச்செடுத்துக் கலர் ரெசின் ஊற்றினால் அசலின் நெளிவு சுளிவு அப்படியே வரும். ஆனால் தெளிவான பாலியூரித்தேன் ரெசினுக்கு ஈரப்பதம் ஆகாது. சென்னைக் காற்றில் ஊற்றினால் குமிழ் குமிழாக நுரைக்கும். எபாக்ஸி அப்படி நுரைக்காது, வெயிலில் மஞ்சளாகும். நீலக் கண்ணாடி மஞ்சளானால் பச்சையாகத் தெரியும். ஹைபீமை இண்டிகேட்டர் என்று நினைக்க வைக்கும் விளக்கு இருப்பதைவிட இல்லாமலிருப்பதே மேல். கைதேர்ந்தவர்கள் அழுத்தக் கலனில் வைத்து நன்றாக வார்க்கிறார்கள். அந்த வசதி இருப்பவர்களுக்கு இது சரி.

இன்றைக்கு எல்லோரும் முதலில் சொல்வது முப்பரிமாண அச்சு. நானும் அதில்தான் தொடங்கினேன். வெர்னியர் வைத்து அளந்து, கணினியில் வரைந்து, பக்கத்தில் ஒரு கடையில் அச்சடித்து வாங்கினேன். கச்சிதமாகப் பொருந்தியது. மாட்டியது மே மாதம், கத்திரி வெயில். மூன்றாம் நாள் திருவான்மியூரில் வண்டியை வெயிலில் நிறுத்திவிட்டு மதியம் வந்து பார்த்தால் பட்டை நடுவில் தொய்ந்து, வாயைக் கோணிக்கொண்டு நின்றது. பிஎல்ஏ என்ற இழையில் அச்சடித்திருக்கிறது. அது 60 டிகிரியை ஒட்டியே இளகத் தொடங்கும். பூட்டி வெயிலில் நிறுத்திய வண்டியின் டேஷ்போர்டு அதைச் சாதாரணமாகத் தாண்டும். பிஇடிஜி கொஞ்சம் மேல், 80 டிகிரி அளவுக்குத் தாங்கும். ஏபிஎஸ், ஏஎஸ்ஏ இரண்டும் 100 டிகிரிவரை நிற்கும், ஏஎஸ்ஏ வெயிலின் புற ஊதாவையும் தாங்கும். ஆகவே அச்சடிப்பதானால் ஏஎஸ்ஏ என்று வாய்விட்டுச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். கேட்காமல் கொடுத்தால் பெரும்பாலும் பிஎல்ஏதான் வரும். அதோடு சுவர் மெல்லியதாக இருந்தால் ஒரு விளக்கின் ஒளி அடுத்த கண்ணுக்குக் கசியும். கருப்பு இழை, இரண்டு மில்லிமீட்டருக்குக் குறையாத சுவர் என்று வரைந்துகொள்ளுங்கள். முகப்பில் அச்சின் வரிவரியான தடம் தெரியும். தேய்த்து பெயின்ட் அடித்தாலும் சாய்வு வெளிச்சத்தில் அது மறையாது. என்னைப் பொறுத்தவரை முப்பரிமாண அச்சு விளக்குகள் உட்காரும் பின்பெட்டிக்கு ஏற்றது, முகப்புக்கு ஏற்றதில்லை.

கடைசி வழி லேசரில் வெட்டிய அக்ரிலிக். பெயர்ப்பலகை செய்பவர்களிடம் இந்த மெஷின் இருக்கும். மூன்று மில்லிமீட்டர் தெளிந்த அக்ரிலிக்கை முகப்பின் வடிவில் வெட்டி, பின்பக்கம் கருப்பு பெயின்ட் அடித்து, குறியீடுகள் வர வேண்டிய இடத்தில் மட்டும் லேசரால் பெயின்டைச் சுரண்டி எடுக்கச் சொல்ல வேண்டும். அந்த இடைவெளிக்குப் பின்னால் கலர் ஃபில்டர். அதற்கும் பின்னால் நான்கு அறை கொண்ட பெட்டி. முன்னிருந்து பார்த்தால் விளக்கு எரியாதபோது ஒரே கருப்புக் கண்ணாடி. எரியும்போது மட்டும் எண்ணெய்க் குவளையோ பேட்டரியோ எழுந்து வரும். குறியீடுகளை வண்டி விளக்குகளுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 2575-லிருந்து எடுத்தால் வண்டியை யார் ஓட்டினாலும் புரியும். அசல் பட்டையில் குறியீடு இல்லை, வெறும் நிறம்தான். அதனால் நான் நான்கு வட்டத்தை மட்டும் வெட்டச் சொன்னேன். என் தம்பிக்கு அதில் வருத்தம். எனக்கு டேஷ்போர்டு அப்பா ஓட்டிய காலத்து டேஷ்போர்டாகவே இருக்க வேண்டும்.

அக்ரிலிக் வாங்கும்போது வார்ப்பு அக்ரிலிக்தானா என்று கேளுங்கள். உருளையில் இழுத்துச் செய்த வகையில் லேசர் செதுக்கினால் ஓரம் பிசுபிசுக்கும். அக்ரிலிக்கும் 100 டிகிரியை ஒட்டி இளகும் என்பதால் வெயில் அதைத் தொடாது. பெயின்டை இரண்டு கோட்டாக அடித்து, பின்னால் டார்ச் பிடித்து ஊசித்துளை இருக்கிறதா என்று இருட்டறையில் பாருங்கள். ஒரே ஒரு துளை இருந்தாலும் இரவில் நட்சத்திரம் மாதிரி கண்ணைக் குத்தும்.

பல்பா, எல்இடியா

பட்டையின் பொருளைவிட இதில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். எல்இடிக்கு ஆயுள் அதிகம், சூடு இல்லை, குலுக்கலுக்கு அஞ்சாது. ஆயில், ஹைபீம் இரண்டுக்கும் தயங்காமல் போடலாம். ஆனால் கண்ணாடியின் நிறத்திலேயே எல்இடி வாங்க வேண்டும். வெள்ளை எல்இடியின் ஒளியில் நீலம் தூக்கல், சிவப்பு கம்மி. சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் அதை வைத்தால் சோகையான ஒரு நிறம்தான் வரும். நீல எல்இடியின் பிரகாசத்தைக் கட்டாயம் குறைக்க வேண்டும். நான் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டு முதல் இரவு ஓட்டியபோது இருண்ட ரோட்டைவிட அந்தப் புள்ளிதான் கண்ணில் நின்றது. 4.7 கிலோ ஓமுக்கு மாற்றியதும் அடங்கியது. சிவப்பு, ஆரஞ்சுக்கு 1 கிலோ ஓம் சரி, பகலிலும் தெரிய வேண்டும் அல்லவா.

இண்டிகேட்டருக்கு எல்இடி வேண்டுமானால் மின்சாரத்தை ஒரே திசையில் விடும் டயோடு நான்கை வைத்து ஒரு பிரிட்ஜ் கட்டி அதற்குள் வைக்க வேண்டும். அப்போது எந்தத் திசையில் மின்சாரம் வந்தாலும் எரியும். 1என்4007 டயோடு போதும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும்.

சார்ஜ் விளக்குக்கு, ஆல்டர்னேட்டர் வண்டியில், பல்பையே வையுங்கள் என்பது என் முடிவு. கணக்கு இதுதான்: 2.2 வாட் பல்பு 12 வோல்ட்டில் ஏறத்தாழ 180 மில்லி ஆம்பியர் விடும். எல்இடி விடுவது 10, மிஞ்சினால் 20. அந்தக் கொஞ்சத்தில் ஃபீல்டு எழாது. எல்இடியோடு இணையாக 68 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டு ஈடுகட்டலாம், பலர் அப்படித்தான் செய்கிறார்கள், வேலையும் செய்கிறது. ஆனால் சாவி போட்டு எஞ்சின் ஓடாமல் இருக்கும் நேரமெல்லாம் அந்த ரெசிஸ்டர் 2 வாட் சூட்டைக் கக்கும். அக்ரிலிக்கை ஒட்டி அதை வைக்க முடியாது, தள்ளி மாட்ட வேண்டும். இவ்வளவும் செய்து பல்பு செய்த வேலைக்கே வந்து நிற்கிறோம். ஓடும் வண்டியில் அணைந்தே இருக்கும் பல்புக்கு ஆயுள் கவலையும் இல்லை. பல்புள்ள அறைக்கு மட்டும் மேலே ஒன்றும் கீழே ஒன்றும் காற்றுத் துளை விட்டேன்.

எல்இடி போடும் முன் வண்டியின் எர்த் நெகட்டிவ்வா பாசிட்டிவ்வா என்று பேட்டரியில் பாருங்கள். பிரிட்டிஷ் வழி வந்த பழைய வண்டிகளில் பாசிட்டிவ் எர்த் உண்டு. அங்கே எல்இடியைத் திருப்பி மாட்ட வேண்டும். ஒயர் நிறத்தை மட்டும் நம்பியும் இணைக்காதீர்கள். பிரிட்டிஷ் வண்டிகளுக்கு மின்பாகம் செய்த லூக்காஸின் நிறக் குறியீட்டில் வெள்ளை இக்னிஷன், பிரவுனில் மஞ்சள் கோடு சார்ஜ் விளக்கு, வெள்ளையில் பிரவுன் கோடு ஆயில், நீலத்தில் வெள்ளைக் கோடு ஹைபீம். எங்கள் வண்டியில் நாற்பது வருஷத்தில் எத்தனையோ கை பட்டு, ஆயில் விளக்குக்கு வீட்டு ஒயரிங் சிவப்பு ஒயர் வந்து சேர்ந்திருந்தது. மீட்டர் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்து, துணி டேப்பில் பெயர் எழுதிச் சுற்றிவிட்டுத்தான் பழைய பட்டையை வெட்டி எடுத்தேன்.

எங்கள் வண்டியில் இப்போது இருப்பது அக்ரிலிக் முகப்பு, ஏஎஸ்ஏ பின்பெட்டி, சார்ஜுக்கு பல்பு, மற்ற மூன்றுக்கும் எல்இடி. முகப்பு பிளாஸ்டிக் ஆனதால் ஹைபீமுக்குத் தனியாக ஒரு எர்த் ஒயர் இழுத்தேன். மொத்தச் செலவு, வீணான பிஎல்ஏ பட்டையையும் சேர்த்து, இரண்டாயிரத்துக்குக் கீழே. பார்வைக்காக வண்டியைப் புதுப்பித்துக் காட்சிக்குக் கொண்டு போகிறவர் என்றால் நான் இந்த வழியைச் சொல்ல மாட்டேன். பழைய ஸ்டாக் கிடைக்கும்வரை காத்திருங்கள், அதுவரை உடைந்ததை ஒட்டி வையுங்கள். வாரத்தில் நான்கு நாள் வெளியே எடுக்கும் வண்டி என்றால் அக்ரிலிக்கே.

டேஷ்போர்டை மூடும் முன் பேட்டரியில் மீட்டரை வைத்து அப்பாவை ஓட்டுநர் இருக்கையில் உட்காரச் சொன்னேன். சாவி போட்டார். சிவப்பும் ஆரஞ்சும் எரிந்தன. மீட்டரில் 12.4. ஸ்டார்ட் செய்தார். ஒரு மூச்சு விடும் நேரத்தில் ஆரஞ்சு அணைந்தது. ரேஸ் கொடுக்க வேண்டாம்பா, அப்படியே விடுங்க என்றேன். ஐடிலிலேயே சிவப்பும் அணைந்தது. மீட்டரில் 14.1.